நடு வீடு, ஓர வீடு

மேசையைத் துடைத்து ஈரம் காய்ந்த பிறகு அவன் இரண்டு வீட்டு வரைபடங்களையும் அருகருகே விரித்தான். மூலைகள் சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒன்றின் மேல் சர்க்கரை டப்பாவை வைத்தான், மற்றொன்றின் மேல் மனைவியின் தைலக் குப்பியை. இடப்பக்கம் நடு வீடு. நான்கு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசையில், இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர் நெருக்க, பேருந்தில் மூவர் இருக்கையின் நடுவில் மாட்டிக்கொண்டவனைப் போன்ற வீடு. வலப்பக்கம் ஓர வீடு. அதற்கு ஒரு பக்கம்தான் அண்டை வீடு, மறுபக்கம் வெட்டவெளி. படுக்கையறையும் அந்த வெட்டவெளிப் பக்கம். விலை எட்டில் ஒரு பங்கு கூடுதல்.

பழைய முகவரி அட்டைகளை அளவுப்படி கத்தரித்து ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு சோபா செய்து வைத்திருந்தான். ஒரு வாரமாகக் கட்டில் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் குடிபெயர்ந்துகொண்டே இருந்தது. எந்த வீட்டிலும் அது ஒரு நாள் நிம்மதியாகப் படுத்ததில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவனுக்கு இதுதான் வேலை. இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, வில்லைகளை மாற்றி மாற்றி, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்கவேண்டும். கேட்டுக்கொண்டே போனால் ஓரிடத்தில், "ரெண்டும் ஒண்ணு மாதிரிதாங்க இருக்கு" என்பார்கள். அங்கே நிறுத்திவிடலாம். அதுதான் சரியான கண்ணாடி. இந்த வரைபடங்கள் அந்த இடத்துக்கு வந்தபாடில்லை. நடு வீட்டில் மாதாந்திரப் பராமரிப்புத் தொகை குறைவு, ஆனால் கூடத்தில் பகலிலேயே விளக்கு போடவேண்டும். ஓர வீட்டில் மூன்று ஜன்னல் அதிகம், ஆனால் வெயிலும் மழையும் அடிக்கும் பக்கச்சுவருக்கு யார் வண்ணம் பூசுவது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. படுக்கப் போகும்போது ஓர வீடு என்று முடிவு செய்வான். பல் துலக்கும்போது நடு வீடுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். தான் யோசிக்கிறோமா அல்லது பயப்படுகிறோமா என்பது அவனுக்கே பிடிபடவில்லை.

பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. ராத்திரி வேலை முடிந்து மனைவி வந்தாள். மருத்துவமனையில் செவிலி. பையைத் தோளிலிருந்து இறக்காமலே மேசை மேல் குனிந்தாள்.

"இன்னைக்குக் கட்டில் எங்க இருக்கு?"

"ஓர வீட்ல."

"நேத்து நடு வீட்ல இருந்துச்சே."

"நேத்து சில செலவ சேர்க்காம விட்டுட்டேன்."

நடு வீட்டின் படுக்கையறையை ஒட்டி ஓடிய தடித்த கறுப்புக் கோட்டின் மேல் அவள் விரலை வைத்தாள். "இதுக்கு அந்தப் பக்கம் என்ன?"

"பக்கத்து வீடு."

"அது தெரியுது. பக்கத்து வீட்ல என்ன? ஆள் படுக்கிற இடமா, குழாயா, துணி துவைக்கிற மெஷினா?"

அவன் வரைபடத்தைப் பார்த்தான். கோட்டோடு தாள் முடிந்துவிட்டது. ஒரு வாரமாகப் பார்த்திருக்கிறான், அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமும் உலகம் இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இப்போதிருக்கும் வாடகை வீட்டில், அவள் வந்து படுக்கும் நேரம் பார்த்துத்தான் மாடிக்காரர்களுக்குப் பொழுது விடியும். நாற்காலியை இழுப்பார்கள், எதையாவது போட்டு உருட்டுவார்கள். காதில் பஞ்சு, கண்ணில் துணி, ஜன்னலில் போர்வை எல்லாம் பார்த்தாயிற்று. போன வாரம் வீட்டுக்கு வரும் வழியில், சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தியவள் அப்படியே தூங்கிவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்து எழுப்பியிருக்கிறார்கள். அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "சிக்னல்ல நல்லாத் தூக்கம் வருதுங்க. அங்கயே ஒரு இடம் பாருங்களேன்." அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள்தான் ஓர வீட்டின் வரைபடத்தை வாங்கி வந்தான்.

விடுமுறை நாள் மதியம், மனைவியின் தம்பி காரில் அழைத்துப் போனான். போன வருடம் சொந்த வீடு வாங்கியவன். அதனால் வீடு வாங்கப் போகிற எல்லோருக்கும் புத்தி சொல்லும் உரிமை தனக்கு வந்துவிட்டதாக நினைத்தான்.

"மாமா, ஓர வீட்ட கண்ண மூடிக்கிட்டு எடுங்க. நீங்க கணக்குப் போட்டு முடிக்கறதுக்குள்ள அவன் அடுத்த வரிசையே கட்டிருவான்."

"கண்ண மூடிக்கிட்டு எடுக்கச் சொல்லி என்கிட்டயா சொல்ற, மாப்ள?"

"அக்கா, இவர் கட்டில நகத்துற சத்தத்துலயே பக்கத்து வீட்டுக்காரன் காலி பண்ணிருவான் பாரு."

 பின் இருக்கையில் அவள் ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

விற்பனை அலுவலகத்தில் புதுப் பெயிண்ட் வாசனையும் குளிர்ச்சியும் அளவுக்கு அதிகமாக இருந்தன. மனைவி மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். விற்பனைப் பெண் சற்றுத் தயங்கி, உள்ளேபோய் முழு வரிசையின் வரைபடத்தை எடுத்து வந்தாள். நான்கு வீடுகளும் ஒரே தாளில் இருந்தன. ஒரே முத்திரையை வரிசையாகக் குத்தியதுபோல் ஒவ்வொரு வீடும் ஒரே பக்கம் பார்த்து நின்றது. நடு வீட்டின் படுக்கையறை, அண்டை வீட்டின் மறுகோடியில் இருந்த மாடிப்படிகளை ஒட்டி விழுந்திருந்தது. கட்டிலின் தலைமாடு இருக்கவேண்டிய இடத்தில், கோட்டுக்கு அந்தப் பக்கம், படிகள் சின்னச் சின்னக் கோடுகளாக ஏறிப்போயின.

"ரெட்டைச் சுவர் மேடம். நடுவுல பஞ்சு வச்சுக் கட்டியிருக்கோம். ஊசி விழுந்தாக்கூட கேக்காது."

"ஊசி விழுந்தா பக்கத்துல இருக்கறவனுக்கே கேக்காதும்மா," என்றாள் மனைவி. "கால் விழுந்தா?"

விற்பனைப் பெண் சிரித்தாள். பிறகு, சாவி இருக்கிறது, இரண்டு நடு வீடுகளும் ஏறக்குறைய முடிந்துவிட்டன, நீங்களே போய்ப் பார்க்கலாம் என்றாள்.

தளக்கல் அடுக்கியிருந்த பாதையில் மற்றவர்கள் முன்னே போக, மனைவி அவனுடன் மெதுவாக நடந்தாள்.

"ஏங்க, ஓர வீடுன்னா நான் எத்தன வருஷம் நைட்டு பாக்கணும்?"

அவன் கணக்கில் எல்லாம் இருந்தது. வட்டி, பதிவுச் செலவு, ஜன்னல் திரை முதற்கொண்டு இருந்தது. ராத்திரி வேலைக்குக் கிடைக்கும் படித்தொகையும் வருமானப் பக்கத்தில் இருந்தது. அது எத்தனை வருடம் என்று எழுதவில்லை. எழுதாதபோது அது எப்போதும் இருப்பதாகத்தான் அர்த்தம்.

"கடன் முடியற வரைக்கும்," என்றான்.

"இருபது வருஷமா?"

"கொஞ்சம் முன்னப்பின்ன."

"நடு வீடுன்னா?"

"இறுக்கிப் பிடிச்சா மூணு வருஷம். அதுக்கப்புறம் நீ பகலுக்கு மாறிக்கலாம்."

"அந்த மூணு வருஷமும் அந்தப் படிக்கட்டுப் பக்கத்துல தூங்கணும்."

"ஆமா."

"தூங்கறதுக்காக ஒரு வீடு. அந்த வீட்டுக்காக இருபது வருஷம் தூங்காம முழிச்சிருக்கணும். நல்லா இருக்கு உங்க பிளான்." குரலில் கோபம் இல்லை. வார்டில் அடுத்த ஷிப்ட் செவிலிக்கு நோயாளியின் நிலைமையைச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறவளின் குரல் அது.

நடு வீட்டின் மாடி அறையில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. அவன் அளவு நாடாவை இழுத்து, கட்டில் வரும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்தான். தம்பி காரிலிருந்து கொண்டுவந்த துண்டை அவள் அந்தக் கோட்டுக்குள் விரித்து, சுவர்ப் பக்கம் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். கைப்பை தலையணையானது.

"போய் ஏறி இறங்குங்க. முடிச்சுட்டு வந்து சொல்லுங்க."

"மாப்ளைய அனுப்பட்டுமா? நல்ல கனம்."

"அவன் ஏறினா ஊருக்கே கேக்கும். நீங்களே போங்க. ஆனா நீங்க ஏறற மாதிரி ஏறாதீங்க. குடியிருக்கறவன் மாதிரி ஏறுங்க." கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

கீழே தம்பி விற்பனைப் பெண்ணிடம் தன் வீட்டுக் குளியலறையில் நீர் கசிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனை அங்கேயே விட்டுவிட்டு இவன் பக்கத்து வீட்டுக்குள் போனான். அதே கூடம், அதே சமையலறை, எல்லாம் அதே கைப்பக்கம். இடப்பக்கம் இருக்கும் என்று கை நீட்டிய இடத்திலேயே விளக்கு ஸ்விட்ச் இருந்தது. படிகளின் மேல் சிமெண்டுத் தூசி மாவு சலித்ததுபோல் படிந்திருந்தது. படிக்கட்டின் அடியில் நின்று ஷூவைக் கழற்றினான். பழக்கம் என்று நினைத்துக்கொண்டான். இப்போதுதான் நடு வீட்டின் மாடி முழுக்க ஷூவோடு நடந்துவிட்டு வந்திருக்கிறோம் என்பதும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை. காலுறையையும் உருவி ஷூவுக்குள் திணித்தான்.

முதல் படியில் முன்னங்காலை வைத்து, பிறகு குதிகாலை இறக்கினான். அடுத்த படி. இப்படியும் ஆட்கள் ஏறுவார்கள். வயதானவர்கள் குடிவரலாம். குழந்தை தூங்கும் வீடாக இருக்கலாம். சத்தம் கேட்காவிட்டால் நடு வீடு. மூன்று வருடம். அதற்குப் பிறகு அவள் பகலில் வேலைக்குப் போய், இருட்டினதும் மனுஷர்களைப்போல் வீட்டுக்கு வருவாள். இருபதுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருப்பது தன் குதிகால்தான் என்று தோன்றியபோது அவன் பாதிப் படியில் இருந்தான். பாதியில் நின்றதும் அவன் கடைக்கு வரும் ஓட்டுநர்கள் நினைவுக்கு வந்தார்கள். உரிமம் புதுப்பிக்கச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள். எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, மூச்சுவிடாமல் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் அட்டையைத் திருப்பிப் போடுவான். அத்தோடு அவர்கள் வாய் அடைத்துப்போகும்.

மேல்படியை எட்டியபோது சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது.

"என்னங்க, இன்னும் ஏறலியா?" தூக்கம் பாதி விழுங்கிய குரல். "கண்ணு சொக்குதுங்க. சீக்கிரம் ஏறுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் அவள் தலை இருந்தது. ஏறி முடித்துவிட்டேன் என்று சொன்னால் போதும். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. 'அப்படியா, ஒண்ணுமே கேக்கலியே' என்பாள். துண்டை மடித்துக்கொண்டு எழுந்துவருவாள். கட்டில் நடு வீட்டிலேயே நின்றுவிடும்.

"கேக்குதாங்க? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றான். குரலைத் தாழ்த்தியிருந்தது பிறகுதான் தெரிந்தது. "இல்ல, இன்னும் ஏறல. உன் தம்பி பேச்சுல நின்னுட்டேன். இப்பதான் போறேன்."

"அவன் வாய்க்குள்ள போனா யாருதான் திரும்பி வந்தாங்க," என்றாள். தொடர்பு அறுந்தது.

ஏறினதுபோலவே ஓசையில்லாமல் இறங்கி வந்தான். அடியில் நின்று திரும்பிப் பார்த்தபோது, தூசியில் அவன் பாதங்கள் சுவரோரமாக மேலே போய்த் திரும்பியிருந்தன. விரல் விரலாகப் பதிந்திருந்தன. திருடன்கூட இவ்வளவு கவனமாக ஏறியிருக்க மாட்டான். காலுறையை மாட்டி, ஷூவைப் போட்டு, நாடாவை இறுக்கிக் கட்டினான். இந்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்று யோசித்துப் பார்த்தான். முகம் ஒன்றும் வரவில்லை. காலையில் எதையோ மறந்துவிட்டு மாடிக்கு ஓடும் ஒரு கனத்த ஆள் மட்டும் வந்தான்.

முதல் படியில் இருந்த தன் கால்தடத்தின் மேல் ஷூவை வைத்து, உடம்பின் மொத்தக் கனத்தையும் இறக்கினான். படி அதிர்ந்தது. சுவரும் படியும் சேரும் இடுக்கிலிருந்து சிமெண்டுத் தூசி மெல்லிய கோடாகக் கீழே சரிந்தது. அவன் அடுத்த படிக்குக் காலைத் தூக்கினான்.