வாய்க்காரி

அம்மாவின் தலைமாட்டில் வெள்ளைத் திரையைக் கட்டிக்கொண்டிருந்தவனை மகள் இறங்கச் சொன்னாள். அவன் நாற்காலிமேல் நின்றபடியே மாமாவைப் பார்த்தான்.

"ரெண்டே நிமிஷம்தாம்மா," என்றார் மாமா. "அந்த டிப்போ சீன் மட்டும். டைரக்டரே நேர்ல வந்திருக்காரு. இத்தனை கூட்டம் எதனால வந்துச்சு, அந்தப் படத்தாலதானே?"

அது பொய்யில்லை. நேற்று மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அம்மா பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பணிமனையில் பேருந்து ஓட்டிய முதல் பெண் அவள். அவள் வாழ்க்கை படமாக வந்த பிறகுதான் தெருவே அவளைத் திரும்பிப் பார்த்தது.

படம் வந்த வாரமே அம்மாவை அழைத்துக்கொண்டு பெருமையோடு போயிருந்தாள் மகள். குறை சொல்ல ஒன்றுமில்லை. கியர் மாற்றும்போது அம்மாவின் தோள் லேசாக இறங்குவதைக்கூட அந்த நடிகை அச்சு அசலாகப் பிடித்திருந்தாள். ஆனாலும் இடைவேளைக்குள் மகளுக்கு என்னவோ ஏமாந்துபோனது மாதிரி இருந்தது. படத்தில் ஆண் ஓட்டுநர்கள் வண்டி தர மறுக்கிறார்கள். அவள் பணிமனை வாசலில் நின்று சத்தமில்லாமல் அழுகிறாள். அவர்கள் மனம் இளகிச் சாவியை நீட்டுகிறார்கள். அரங்கமே விசும்பியது. வெளியே வந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "நல்ல பொம்பளையா இருக்கா. யாரு அது?"

இயக்குநர் தன்மையான மனிதர். படத்தில் அழும் அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு எல்லோரும் விடைகொடுக்கட்டுமே என்று மெதுவாகச் சொன்னார்.

"உங்க படத்துல ஒரு குறையும் இல்ல சார்," என்றாள் மகள். "எங்கம்மாதான் அதுல இல்ல."

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "எங்கம்மா அன்னிக்கு அழல. டிப்போ வாசல்ல குறுக்க படுத்துட்டா. ஒரு வண்டி வெளிய போகல. மேனேஜர் வந்து எழுந்திரும்மான்னாரு. என் வண்டி எங்கடான்னு கேட்டா. 'டா' போட்டுத்தான் கேட்டா."

சாவு வீட்டில் என்ன பேச்சு இது என்று மாமா முணுமுணுத்தார்.

பின்னால், ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "அன்னிக்கு முதல் வண்டி என்னோடது. ஹாரன் அடிச்சேன். அதுக்கு என்னை ஒரு வார்த்தை சொன்னா பாரு, இன்னிக்கு வரைக்கும் அதுக்கு எனக்கு அர்த்தம் தெரியல."

சீருடையோடு வந்திருந்த பெண் ஓட்டுநர்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்புறம் முடியவில்லை. சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. இன்னொருவர், அவளோடு தான் போட்ட சண்டையைச் சொல்ல ஆரம்பித்தார்.

சத்தம் வெளியே கேட்குமே என்று மாமா எழுந்துபோய்த் தெருக்கதவில் கை வைத்தார்.

மகள் அம்மாவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"தொறந்தே இருக்கட்டும் மாமா," என்றாள், நிமிராமல்.