லெவல் ஆஃப்: மூன்று பொருளும் ஒரு பொய்யும்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஓர் அகராதி. வேறேதோ சொல்லைத் தேடப்போய், ‘லெவல் ஆஃப்’ என்ற ஆங்கில வினை இருந்த பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். கீழே மூன்று எடுத்துக்காட்டு வாக்கியங்கள். விமானம் இருந்தது, சிமெண்ட் தரை இருந்தது, சர்க்கரை விலை இருந்தது. ஒரு மனுஷன் இல்லை. இதை எழுதின புண்ணியவானுக்கு வீட்டில் யாருமே கிடையாதா என்று எரிச்சலாக வந்தது. எரிச்சல் வந்தால் எனக்குக் கதை வரும். கெட்ட பழக்கம்.

முதல் வரி இப்படி வந்தது: ‘அலுவலக ஜன்னலுக்கு வெளியே மழை சன்னமாக…’

வேண்டாம். மழையில் ஆரம்பிக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

2

அவள் ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றின் உதவி ஆசிரியை. வீட்டிலும் ‘அகராதி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அது தொழிலைப் பார்த்து வைத்த பெயரில்லை, வாயைப் பார்த்து வைத்தது. (முதலில் அவளை ஆணாகத்தான் எழுதினேன். இந்தப் பொய்யைச் சொல்ல ஓர் அக்கா வேண்டும் என்று பிறகு மாற்றினேன். பொறுங்கள், பொய் இனிமேல்தான் வருகிறது.)

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதினால் பக்கத்து மேஜைக்காரருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் “அப்புறம்?” என்று கேட்டுவிட்டால் வாக்கியம் செல்லாது. அகராதி வாக்கியத்தில் கதை இருக்கக்கூடாது. படிக்கிறவன் சொல்லை விட்டுவிட்டுக் கதையின் பின்னால் போய்விடுவான். பக்கத்து மேஜைக்காரர் எதிலும் சுவாரசியப்படாத மனிதர். அந்த ஒரு தகுதிக்காகவே அவரை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

அன்று அவள் பங்குக்கு வந்தது ‘லெவல் ஆஃப்’. மேலே ஏறிய விமானம் ஒரே உயரத்தில் பறக்கத் தொடங்குவது ஒரு பொருள். கொத்தனார் பலகையை இழுத்துத் தரையைச் சமப்படுத்துவது இன்னொன்று.* இரண்டையும் வாசித்தாள். மனிதர் நிமிரக்கூட இல்லை. ஏறிக்கொண்டே போன ஓர் அளவு, ஏறுவதை நிறுத்தி அங்கேயே நிற்பது மூன்றாவது. அதற்கு அவள் எழுதியது: ‘தம்பியின் ரத்தத்தில் உப்பு ஏறாமல் நின்றுவிட்டது.’

“அப்புறம்?” என்றார் அவர்.

* தமிழில் ஆளையும் மட்டம் தட்டலாம். கொத்தனாரே வேண்டாம், சொந்தக்காரர்கள் போதும்.

3

அப்புறம் என்ன என்று அவளுக்கே தெரியாது. அன்று காலைதான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அதைச் சொல்லியிருந்தார். சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்த தம்பியின் உப்பு ‘லெவல் ஆஃப்’ ஆகிவிட்டது. ஆனால் நிற்கிற இடம் ஆபத்தான இடம், பார்க்க வேண்டியவர்களை வரச்சொல்லிவிடுங்கள் என்றார்.

அவள் டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். பஸ்ஸில் வந்தால் ஒரு பகல் முழுக்க ஆகும் தூரம். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். சொல்லுக்குப் பொருள் தப்பாகப் போட்டாள் என்று இதுவரை யாரிடமும் பேர் வாங்காதவள் சொன்னாள்:

“இறங்கிடுச்சும்மா. நீ அலைய வேண்டாம்.”

அம்மா சரி என்று வைத்துவிட்டாள்.

ஏன் சொன்னாள்? அம்மாவுக்கு இதய நோய் என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். சௌகரியமான நோய், அடித்துவிட்டேன். உண்மையான காரணம் சின்னப்பிள்ளைத்தனமானது. அம்மா வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் தம்பி பிழைக்கமாட்டான் என்பது உறுதியாகிவிடும் என்று பயந்தாள்.

4

தம்பியை அடித்துவிட்டு, ‘சர்க்கரை விலை ஏறாமல் நின்றுவிட்டது’ என்று எழுதினாள். பக்கத்து மேஜைக்காரர் தலையாட்டினார். வாக்கியம் அச்சுக்குப் போனது.

இந்த இடத்தில் கதைக்கு ஒரு முடிவு வைத்திருந்தேன். உப்பு தானாகவே இறங்குகிறது, பொய் மெய்யாகிறது, அக்காவும் தம்பியும் சிரிக்கிறார்கள். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னொன்றும் வைத்திருந்தேன்: அம்மா விஷயம் தெரிந்து ஓடிவருவதற்குள்

இல்லை, அந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.

5

மத்தியானம் அவளால் முடியவில்லை. மாடிப்படிக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டாள்.

“அம்மா, காலையில பொய் சொன்னேன். இறங்கல. ஏறாம நிக்குது, அவ்வளவுதான். நீ கிளம்பி வந்துடு.”

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். கண்டக்டர் யாரையோ உள்ளே தள்ளிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பாதி வழி வந்துட்டேன்டி” என்றாள் அம்மா. “இறங்கியிருந்தா அவனே பேசியிருப்பானே.”

அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

சத்தியமாக அம்மாவை நான் பஸ் ஏற்றவில்லை. என் திட்டத்தில் அவள் ஒன்றும் தெரியாத அப்பாவி. வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியவள். என்னைக் கேட்காமல் கிளம்பிவிட்டாள். இன்னும் பாதி வழி இருக்கிறது. அதை எப்படி எழுதினாலும் யாராவது ஒருவருக்குத் துரோகம் செய்வதாகிவிடுகிறது. எனக்குக் கை வரவில்லை. பேனாவை உங்களிடம் தருகிறேன். முடிவு எதுவானாலும் உங்கள் இஷ்டம். அம்மா வந்து சேர்கிற வரைக்குமாவது அவனை வைத்திருங்கள்.