கை ஆடினால் ஓடும் கடிகாரம்

மோகனா மூன்றாவது முறையாக அதே கடிகாரத்தைக் கண்ணாடி மேசைமேல் வைத்ததும் அமிர்தலிங்கத்தின் முகம் சுண்டிப்போயிற்று. பிரிஞ்சாங் டவுனில் கைப்பேசி உறை விற்கும் கடையின் மூலையில் உட்கார்ந்து கடிகாரம் பழுது பார்ப்பவர் அவர். இரண்டு தடவையும் பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டு, தன் கையிலேயே கட்டிப் பார்த்துத்தான் கொடுத்தனுப்பியிருந்தார்.

"மறுபடியும் நின்னுபோச்சுண்ணே. கட்டி விட்டா அடுத்த நாளே நின்னுடுது. நீங்க சரியாப் பாக்கலையோன்னு எங்க வீட்டுக்காரருக்குச் சந்தேகம்."

அமிர்தலிங்கம் அதை எடுத்து நாலு ஆட்டு ஆட்டினார். விநாடி முள் உடனே கிளம்பிவிட்டது.

"இதுல ஒரு கோளாறும் இல்ல தங்கச்சி. சாவி குடுக்கிற வாட்ச் இல்லலா இது. உள்ள ஒரு தகடு இருக்கு. கை ஆடினா அது சுத்தும். அது சுத்தினாத்தான் ஸ்பிரிங் முறுக்கேறும். உங்க வீட்டுக்காரரு எந்தக் கையில கட்டுறாரு?"

"இடது கையில."

"கை நல்லா ஆடுற வேலைதானே?"

மோகனா நடந்ததைச் சொன்னாள். அவள் புருஷன் குகனேஸ்வரன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டியவன். பக்கவாதம் வந்து இடது பக்கம் மொத்தமும் விழுந்துபோய், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் கட்டிலோடு கிடந்தான். அவன் லோரி ஓட்டிய காலமெல்லாம் அந்தக் கடிகாரம் ஒருநாளும் நின்றதில்லை. ஏன் நிற்கவில்லை என்று கேட்க அவர்களுக்குத் தோன்றியதும் இல்லை.

அவள் சொல்லி முடித்ததும் அமிர்தலிங்கம் கடிகாரத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவன் உடைந்துபோவான் என்று பயந்தாள். அவனோ கண்ணை அகல விரித்தான்.

"அப்படின்னா இது ஓடினா என் கை வருதுன்னு அர்த்தம்லா."

மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்த பயிற்சியை எல்லாம் ஒதுக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துக் கிடந்தவன், அன்று சாயங்காலமே எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னான். விரல்களை நீட்டி மடக்கிவிடச் சொன்னான். மறுநாள் கடிகாரம் வழக்கம்போல நின்றது. அவன் அதைப் பார்த்த பார்வையை மோகனாவால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தத் திருட்டு வேலை தொடங்கியது. காலையும் மாலையும் அவனுக்கு உடம்பு துடைத்துவிடும்போது, ஈரம் படக்கூடாதென்று கடிகாரத்தைக் கழற்றுவாள். வெந்நீர் எடுக்கும் சாக்கில் அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கை ஓய்கிறவரைக்கும் அதை ஆட்டுவாள். பாவமா புண்ணியமா என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. கடிகாரம் நிற்காமல் ஓடியது. குகனேஸ்வரன் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தான். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் மணிக்கட்டைக் காட்டினான். கை மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி வைத்த இடத்திலேயே இருந்தது.

ஒருநாள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் வேலப்பன் கிராணி வந்தார். ஆபீசிலிருந்து கிராணி லயத்துக்கு நடந்து வந்தால் நல்ல சேதி இருக்காது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"குகன், துரை இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காரு. வேலைக்குத் திரும்பாதவனுக்கு வீடு இல்ல, உனக்கே தெரியும். ஒரு வழி இருக்கு. இனிமே முடியாதுன்னு நீ ஒத்துக்கிட்டா, மோகனாவ ஃபேக்டரியில நிரந்தரமாப் போட்டு வீட்ட அவ பேருக்கு மாத்திடலாம். நான் பேசிட்டேன்."

"எதுக்கு கிராணி? கை வந்துகிட்டிருக்கு. இதோ பாருங்க, ஓடுது. நான் லோரி எடுப்பேன்."

கிராணி மோகனாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டு நாள் கழிச்சு வரேன். யோசிச்சுச் சொல்லு."

திரிங்காப் பக்கம் எங்காவது வாடகைக்கு ஓர் அறை பிடித்து, எழுந்து உட்காரக்கூட முடியாதவனை அங்கே தூக்கிக்கொண்டு போவதை மோகனா நினைத்துப் பார்த்தாள். எல்லாம் தன்னால் வந்த வினை என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. அன்று மாலை கடிகாரத்தைக் கழற்றினாள், உடம்பைத் துடைத்தாள், திரும்பக் கட்டிவிட்டாள். ஆட்டவில்லை. மறுநாளும் ஆட்டவில்லை.

"மோகனா, நின்னுபோச்சு. அமிர்தலிங்கத்துகிட்ட குடுத்துப் பாரு."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நான்தாங்க ஆட்டிக்கிட்டிருந்தேன்."

"எத?"

"வாட்ச்ச. அடுப்படியில வச்சு."

குகனேஸ்வரன் வலது கையால் இடது கையைப் பிடித்துத் தூக்கினான். பிடியை விட்டான். அது மெத்தையில் விழுந்தது. இன்னொரு தரம் தூக்கி விட்டுப் பார்த்தான்.

"எப்பலேருந்து?"

"நீங்க கஞ்சி கேட்டுக் குடிக்க ஆரம்பிச்சதுலேருந்து."

அவன் நின்றுபோன கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அழுதாலாவது தேவலை என்று அவளுக்கு இருந்தது.

கிராணி வந்தபோது அவனே பேசினான். "என்னால முடியாது கிராணி. அவ பேருக்கே மாத்திடுங்க." அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். இனி யாரும் தங்களை வெளியே போகச் சொல்ல முடியாது என்று மோகனா அடுப்படியில் நின்று அழுதாள். அழுகையில் சந்தோஷமும் கலந்திருந்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். அவன் இடது கையைக் கம்பளிக்குள் தள்ளி மூடி வைத்திருந்தான்.

"கைய நீட்டுங்க," என்றாள்.

"வேணாம் மோகனா. அதான் வீடு கெடச்சிருச்சே," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.