ரோஸ் தாளில் ஒரு புகார்

என் தங்கை வீட்டில் ஐந்து பேர். நாலு பேருக்கு இந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. அவள் புருஷனுக்கு மட்டும் இல்லை. விமானத்தை விட்டு இறங்கினால் அவளும் பிள்ளைகளும் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். மாப்பிள்ளை மட்டும் வெளிநாட்டார் வரிசையில் இரண்டு மணி நேரம், எல்லார் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பார். "நான் என்ன புருஷனா, கூலிக்கு வந்த போர்ட்டரா?" என்று அவர் கேட்காத பயணம் கிடையாது.

அதனால் உள்நாட்டு விவகார, பண்பாட்டு அமைச்சகத்திலிருந்து நேர்காணல் கடிதம் வந்ததும் தங்கை என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, நீயும் கூடப் போ. இவரைத் தனியா விட்டா அதிகாரிக்கே குடையை வித்துட்டு வந்துடுவார். இந்தத் தடவை தட்டிப்போச்சுன்னா இன்னும் அஞ்சு வருஷம் மனு போட முடியாதாம்."

மாப்பிள்ளைக்குக் குடைக்கடை. எனக்கு நேர் எதிரே செருப்புக்கடை. கொளுத்துகிற வெயிலிலும் அவர் வாசலில் நின்று, "வானம் பொய் சொல்லும்! குடை பொய் சொல்லாது!" என்று கூவினால் மூன்று தெரு தள்ளிப் போகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

போலீஸையும் நாட்டியத்தையும் ஒரே அமைச்சகத்தில் கட்டிவைத்தவர் யாரோ, நல்ல வியாபாரி. போகாத சரக்கைப் போகிற சரக்கோடு சேர்த்துத் தள்ளுவது எங்கள் தெருவில் பழைய வித்தை. இதில் எது போகாத சரக்கு என்று நான் சொல்ல மாட்டேன்.

கீழ்த்தளத்தில் பண்பாட்டுப் பிரிவின் கண்காட்சி. மாப்பிள்ளை கழிப்பறையைத் தேடிப் போன நேரத்தில், சுவரில் தொங்கிய ஹெட்போன் ஒன்றைச் சும்மா காதில் மாட்டினேன். பஸ் ஹாரன், கத்தி சாணை பிடிக்கும் சத்தம், அடுத்து, "வானம் பொய் சொல்லும்!" தூக்கிவாரிப் போட்டது. கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் சீட்டு: 'நகரத்தின் ஒலிகள். கடைத்தெருக் கூவல். கூவியவர் யாரென்று தெரியவில்லை.' மாப்பிள்ளை திரும்பி வந்ததும் நான் மூச்சுவிடவில்லை. நல்ல சரக்கை எடுத்தவுடனே மேசையில் பரப்பக் கூடாது.

இரண்டாம் மாடியில் உள்நாட்டு விவகாரம். கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தியிருந்த அதிகாரி அம்மா கேட்டதற்கெல்லாம் மாப்பிள்ளை ஒழுங்காகப் பதில் சொன்னார். கடைசியில் அந்த அம்மா கோப்பைப் புரட்டினார். "உங்க மேல ஒரு புகார் இருக்கே?"

அவர் வெளியே எடுத்தது மெல்லிய ரோஸ் தாள். எனக்கு ரொம்பத் தெரிந்த தாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், செருப்பு வாங்க வந்தவனெல்லாம் குடையோடு திரும்பிப் போன ஒரு வாரம். ஆத்திரத்தில் கைக்குக் கிடைத்த தாளில் நாலு வரி எழுதி, கையெழுத்தில்லாமல் போலீஸுக்குத் தபாலில் போட்டவன் நான்தான்.

"'காது கிழிகிறது, பொது அமைதி கெடுகிறது'ன்னு எழுதியிருக்காங்க. இது இருக்கிற வரைக்கும் நன்னடத்தைச் சான்று தர முடியாது."

"இனிமே கூவவே மாட்டேன்மா," என்றார் மாப்பிள்ளை. பத்தொன்பது வருஷத்தில் அவருக்கு அவ்வளவு சின்னக் குரல் உண்டு என்று எனக்குத் தெரியாது. சுருக்கென்றது.

சரக்கை எடுத்தேன். "அம்மா, ஒரு நிமிஷம் கீழ வாங்க."

"நான் எதுக்கு வரணும்?"

"ஒரே சரக்கை உங்க அமைச்சகம் மேல குப்பைங்குது, கீழ கண்ணாடிக்குள்ள வச்சிருக்கு. எதுதான் சரியான விலைன்னு சொல்லிடுங்க, போயிடறோம்."

வந்தார். ஹெட்போனை மாட்டிக் கேட்டார். "இது இவர்தான்னு எப்படி நம்பறது?"

"மாப்ளே, கூவுங்க."

"மச்சான், இப்பத்தான் கூவ மாட்டேன்னு சொன்னேன்!"

"அது மாடியில சொன்னது. இங்க செல்லாது."

மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக் கூவினார். வாசல் காவலாளி வெளியே ஓடிப்போய் வானத்தைப் பார்த்தார். பண்பாட்டுப் பிரிவிலிருந்து தாடிக்காரர் ஒருவர், ஒரு காலில் மட்டும் ஷூவோடு பாய்ந்து வந்தார். "ஐயா! மூணு வருஷமா உங்களைத்தான் தேடறோம்!"

அதிகாரி அம்மா சிரித்துவிட்டார். ஆனால் கோப்பை விடவில்லை. "சந்தோஷம்தான். ஆனா புகார் புகார்தானே? எழுதினவரே வந்து வாபஸ் வாங்கணும். இதுல பேரே இல்ல, நான் எங்க போய்த் தேடறது?"

வாழ்க்கையில் எத்தனையோ பேரம் பேசியிருக்கிறேன். விலை இறங்காத இடம் ஒன்று உண்டு என்று அன்றைக்குத் தெரிந்தது.

"தேட வேண்டாம்மா. உங்க பக்கத்துலதான் நிக்கறான்."

மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தரையைப் பார்த்தேன்.

"தெரியுமே," என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"போலீஸ்காரர் அன்னைக்கே கடைக்கு வந்து காட்டினார். இந்த ரோஸ் தாள் உங்க செருப்புப் பெட்டியைத் தவிர வேற எங்க இருக்கு, மச்சான்?"

"தெரிஞ்சுமா ஏழு வருஷம் வாயைத் திறக்கல?"

"எதுக்குத் திறக்கணும்? அந்த மாசத்துலேர்ந்து வருஷத்துக்கு ரெண்டு ஜோடி சும்மா குடுத்தீங்க. கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்களே!"

மனசாட்சி உறுத்தியதால் நான் கொடுத்தேன். கணக்குத் தெரிந்ததால் அவர் வாங்கினார். பிறந்ததிலிருந்து கடைத்தெருவில் வளர்ந்த என்னை, குடை விற்க வந்த மனிதர் ஏழு வருஷம் சத்தமில்லாமல் விற்றிருக்கிறார். தாடிக்காரர் சுவரில் சாய்ந்து சிரித்தார்.

வாபஸ் எழுதத் தாள் தேடிச் சட்டைப் பையைத் துழாவினேன். வந்தது ரோஸ் தாள்.

"அதுலயே எழுதுங்க," என்றார் அதிகாரி அம்மா. "கோப்புல ஜோடியா இருக்கட்டும்."

இந்தத் தடவை கையெழுத்தும் போட்டேன்.

மாடிக்குப் போனோம். "உறுதிமொழியை உரக்கப் படிக்கணும்," என்றார் அந்த அம்மா. சொன்ன பிறகுதான் உறைத்தது போலும், "ரொம்ப வேண்டாம்..." என்று கையை உயர்த்துவதற்குள் மாப்பிள்ளை ஆரம்பித்துவிட்டார். நாட்டுக்கு விசுவாசமாக இருப்பேன் என்றது மேல் மாடி வரைக்கும் கேட்டு, அங்கிருந்து கைதட்டல் இறங்கி வந்தது.

படியிறங்கும்போது தங்கைக்குப் போன் போட்டார். "கிடைச்சிடுச்சு!" என்று அவர் கத்தியதற்குப் போனே தேவையில்லை. வாசலுக்கு வந்ததும் தன் காலையே குனிந்து பார்த்தார்.

"மச்சான், புதுக் குடிமகன் பழைய செருப்போடவா வீட்டுக்குப் போறது?"

கடைக்குப் போய் ஒன்பதாம் நம்பர் பெட்டியை எடுத்துப் பிரித்தேன். அவர் செருப்பை மாட்டி இரண்டடி நடந்து பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்த ரோஸ் தாளை நாலாக மடித்து, என் சட்டைப் பையில் வைத்துத் தட்டிவிட்டு, எதிர்ச்சாரிக்குப் போய்க் கூவ ஆரம்பித்தார்.