மௌரீன் கேட்டது

இடது கால் சாக்ஸ் பாதியிலேயே நின்றுவிட்டது. மௌரீன் மண்டி போட்டு, ஃபிராங்க்ளினின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். உயிரோடு இருந்தவரைக்கும் சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு காரியம் செய்யாத மனிதர். இப்போது மட்டும் செய்துவிடுவாரா?

"கொஞ்சம் பவுடர் போடு, ஏறும்," என்றாள் நாத்தனார் பிரிஜெட்.

"உங்க தம்பிக்குப் பொறந்ததுலேருந்தே பிடிவாதம்தானேக்கா."

சொல்லிவிட்டு மௌரீன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த வாய் இன்றைக்குக்கூடச் சும்மா இருக்காதா!

ஹாலில் சவப்பெட்டி தயாராக இருந்தது. மூன்று மணிக்கு சிவாஜிநகர் மாதா கோயிலில் பூசை. மகள் சிந்தியா போனும் கையுமாக வாசலில் நின்று, வைட்ஃபீல்டிலிருந்து வருகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று சாயங்காலம் ஒரு பேச்சுக் கூட்டத்தில், உட்கார்ந்த நாற்காலியிலேயே ஃபிராங்க்ளின் போய்விட்டார்.

அந்தக் கூட்டங்கள் மேல் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். பெங்களூரில் எந்த மூலையில் யார் மேடை ஏறி நட்சத்திரத்தைப் பற்றிப் பேசினாலும், ஓவியத்தைப் பற்றிப் பேசினாலும், இவர் முதல் வரிசையில் இருப்பார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிடையர் ஆனதிலிருந்து இதே வேலை. மௌரீன் ஒரே ஒரு தடவை அவரோடு போனாள். "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று மேடையில் கேட்டதும் இவர் கை மேலே போயிற்று. மொத்தக் கூட்டமும் அவரையே பார்த்தது. அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது; அவர் வாயைத் திறக்குமுன் எழுந்து வெளியே போய்விட்டாள். அதோடு அந்தப் பக்கமே போகவில்லை. ஓசி காப்பிக்கும் சமோசாவுக்கும் போகிறார் என்று பிரிஜெட்டிடம் சொல்லிவைத்தாள்.

எரிச்சலுக்குக் காரணம் சமோசா இல்லை. சிந்தியா வாங்கிக் கொடுத்த காது மெஷினை அவர் கூட்டத்துக்கு மட்டும்தான் போட்டுக்கொள்வார். வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார். ஊரார் பேச்சுக்கு மெஷின், பெண்டாட்டி பேச்சுக்குப் பஞ்சு. ஆஸ்பத்திரியில் கொடுத்த கவரில் வாட்ச், மோதிரத்தோடு அந்த மெஷினும் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

நேற்று அவர் கிளம்பும்போதும் சண்டைதான். வரும்போது ரொட்டி வாங்கிவரச் சொல்லி இவள் கத்துகிறாள், அவர் பாட்டுக்குச் செருப்பை மாட்டுகிறார். ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். கேட்டருகே நின்று திரும்பிப் பார்த்தார், ஒரு மாதிரி சிரித்தார், போனார். அவளிடமிருந்து கடைசியாக அவர் காதில் விழுந்தது ஒரு வசவு. முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்துக்கு அதுதான் முடிவுரையா? நேற்றிலிருந்து அது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அவரைப் பெட்டியில் வைத்து, ஜெபமாலையைக் கையில் சுற்றி முடித்தபோது வாசலில் ஏழெட்டுப் பேர் தயங்கி நின்றார்கள். ஒருவரையும் அவளுக்குத் தெரியவில்லை. முன்னால் நின்ற வயதானவர் மாலையை வைத்துவிட்டு, நேராக அவளிடம் வந்து கைகூப்பினார்.

"நீங்கதானே மௌரீன் மேடம்? நான் ஸ்ரீகண்டன். கூட்டத்துல அவர் பக்கத்து சீட். உங்களை ஒரு தடவையாவது பார்க்கணும்னு எங்களுக்கெல்லாம் ரொம்ப நாள் ஆசை. இப்படிப் பார்ப்போம்னு நினைக்கல."

"என்னையா? எதுக்கு?"

"உங்க கேள்விகளுக்காகத்தான். எந்தக் கூட்டமானாலும் அவர் எழுந்து, 'என் மனைவி கேக்கறாங்க'ன்னுதானே ஆரம்பிப்பார்."

மௌரீன் சிந்தியாவைப் பார்த்தாள். சிந்தியா உதட்டைப் பிதுக்கினாள். தனக்கும் தெரியாது என்று அர்த்தம்.

"நான் எதையும் கேட்டதில்லையே, சார்."

"என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க! கண்ணைப் பத்தி ஒரு டாக்டர் பேசினார். இவர் எழுந்து, 'என் மனைவி கேக்கறாங்க, பால் பொங்கறதை முன்னாடி நின்னு பார்த்துட்டே இருக்கறவனுக்கு, அது எப்படித் தெரியாமப் போகுது?' அப்படின்னார். டாக்டர் அசந்துட்டார். பார்க்கறது வேற, கவனிக்கறது வேறன்னு அரை மணி நேரம் பேசினார்."

மௌரீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த அன்று அவள் கத்தியது அது. 'குத்துக்கல் மாதிரி முன்னாடியே நிக்கறீங்களே, எப்படிங்க தெரியாமப் போகுது?'

"இன்னொன்னு," என்றார் பின்னாலிருந்த ஒரு பெண். "ஒரு ஓவியர் வந்திருந்தப்போ. 'ஒரு பொருளுக்கு இதுதான் எடம்னு யார் முடிவு பண்றது?' நான் காலேஜ்ல ஓவியம் சொல்லிக்குடுக்கறேன் ஆன்ட்டி. வருஷா வருஷம் முதல் கிளாஸ்ல அந்தக் கேள்வியைத்தான் கேக்கறேன். மௌரீன்னு ஒருத்தங்க கேட்டதுன்னு உங்க பேரையும் சொல்வேன்."

சீப்பு! மாதா சுரூபத்துக்கு முன்னால் சீப்பைக் கொண்டுபோய் வைத்த மனுஷனைப் பார்த்து, 'இதுக்கு இதுவா எடம்?' என்று கேட்டாள்.

"ஐயோ, நான் எங்க கேட்டேன்," என்றாள் மௌரீன். "நான் திட்டினேன்!"

சிரிப்பு அவளையும் மீறி வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது.

"எழவு வீட்டுல என்னடி இது?" என்று பிரிஜெட் அதட்டினாள். ஆனால் சிரிப்பை அடக்கியதில் அவள் முகமும் கோணிக்கொண்டு போயிற்று.

அந்தப் பாவி மனுஷன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மெஷின் இல்லாமல், பதில் பேசாமல், ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இவள் என்னவோ செவிடன் காதில் ஊதிய சங்கு என்று இத்தனை வருஷமும் புலம்பிக்கொண்டிருந்தாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு இளம்பெண் வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"இவங்க அதிதி, நேத்து பேசினவங்க," என்றார் ஸ்ரீகண்டன். "காதைப் பத்தி ஆராய்ச்சி பண்றாங்க."

அதிதி பெட்டியருகே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மௌரீன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கேள்வி நேரம்னதும் மொதல் கை அவரோடதுதான் ஆன்ட்டி. மைக்கை வாங்கினார். 'இன்னிக்குக் கெளம்பும்போது என் மனைவி ஒன்னு கேட்டாங்க'ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார். அப்படியே உக்காந்துட்டார். யோசிக்கறார்னு நெனச்சுட்டோம். நான் வேற, 'டைம் எடுத்துக்கோங்க அங்கிள்'னு சொன்னேன்." அவள் மௌரீன் கையைப் பிடித்தாள். "என்ன கேட்டீங்க ஆன்ட்டி? எனக்குத் தெரிஞ்சே ஆகணும்."

ஸ்ரீகண்டன் முன்னால் குனிந்தார். சிந்தியா போனைக் காதிலிருந்து எடுத்தாள். எல்லாரும் மௌரீன் வாயையே பார்த்தார்கள்.

சொல்வதா? புருஷனை வசவோடு வழியனுப்பினவள் என்று ஊரே பேசட்டும், போ. அவர் கேட்க நினைத்ததை முழுங்குவது அதைவிடப் பாவம்.

"ரொட்டி வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன். காதுல விழல. கோவம் வந்துடுச்சு." மௌரீன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "'நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி கத்தறேன், விழமாட்டேங்குது. காப்பின்னு வாய்க்குள்ள சொன்னா மட்டும் எப்படிய்யா விழுது உனக்கு?' அவரை நான் வாய்யா போய்யான்னதே இல்ல. நேத்துதான். கடைசியா அதான் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதிதி புருவத்தைச் சுருக்கி யோசித்தாள்.

"மெஷின் போடாமயா?"

"போடாமத்தான். சமையல் ரூம்ல நின்னு முணுமுணுத்தாலே வந்து நிப்பார்."

"மனசு எதுக்குக் காத்துட்டிருக்கோ, அது சத்தத்துக்கு நடுவுல கேக்கும். அது வரைக்கும் எங்களுக்குத் தெரியும்," என்றாள் அதிதி மெதுவாக. "ஆனா காதே மங்கிப்போனவருக்கு, கத்தினது விழாம, முணுமுணுத்தது எப்படி விழும்? வாசனையா, உங்க நடையா, இல்ல அந்த நேரத்துக்கு அவர் உள்ளயே ஏதாவது... தெரியல ஆன்ட்டி. நேத்து கேட்டிருந்தா மேடைல முழிச்சுட்டு நின்னிருப்பேன்."

"அப்போ நல்ல கேள்விதானா?"

"ரொம்ப நல்ல கேள்வி."

மௌரீன் தலையை ஆட்டினாள். கேட்டருகே அவர் சிரித்த சிரிப்பு இப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. திமிர் என்று நினைத்தாளே! கடையில் நல்ல மாம்பழம் கிடைத்தால் பையில் போட்டுக்கொண்டு சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. அவள் வாய்விட்டு அழுதாள். நேற்றிலிருந்து வராத அழுகை. சிந்தியா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

வண்டி வந்துவிட்டது. ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பெட்டியை மூடுமுன் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் முத்தமிட்டார்கள். பிரிஜெட், சிந்தியா, கடைசியாக மௌரீன்.

"மம்மி, டாடி மெஷினை உள்ள வெச்சிடலாமா?" சிந்தியா கவரை நீட்டினாள்.

"வேணாம். அது கூட்டத்துக்கு."

மௌரீன் குனிந்தாள். முத்தமிட்டாள். பிறகு முகத்தைக் கொஞ்சம் நகர்த்தி, அவர் வலது காதருகே உதட்டைக் கொண்டுபோய், யாருக்கும் கேட்காதபடி வாய்க்குள் சொன்னாள்:

"காப்பி."

மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு நிமிர்ந்து, அவர்களுக்கு வழிவிட்டு நின்றாள்.