இரிக்கப்பொறுதி

எங்கள் ஊரில் ஒருவரை மதிக்கிறோம் என்று காட்டச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. "இரிங்க" என்று சொல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டால் போதும். வந்தவர் உட்காராமல் நின்றால் வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிடும். அப்படிப் பார்த்தால் இந்த இரண்டு மாதத்தில் பாறசாலைக்கும் இஞ்சிவிளைக்கும் இடையில் உள்ள அத்தனை வீட்டையும் நான் அவமானப்படுத்தியிருக்கிறேன். என்னால் உட்கார முடியவில்லை. மூட்டுவலியா என்று கேட்டார்கள். மூலமா என்றும் இரண்டு பேர் குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டார்கள்.

உட்கார்ந்த அரை நிமிடத்தில் தொடைக்குள் ஏதோ ஒன்று எழும்பு என்கிறது. நடந்தால் கொஞ்சம் அடங்கும், நின்றால் மறுபடி தொடங்கும். வலி என்றால் அழலாம், அரிப்பு என்றால் சொறியலாம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து வெளியே வந்தவளுக்குக் கால் பரபரக்குமே, அந்தப் பரபரப்பு நாள் முழுக்க இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்பும் இல்லை, பாலும் இல்லை.

என் பெயர் பிஜி, வயது நாற்பத்தொன்று. வில்லேஜ் ஆபீசுக்கு எதிரே போட்டோஸ்டாட் கடை வைத்து, கூடவே மனுவும் எழுதிக் கொடுக்கிறேன். பாட்டன் காலத்தில் தொடங்கி, அழுது, மூக்கைச் சிந்தி, ஆட்கள் ஒரு மணி நேரம் சொல்லும் கதையை அதிகாரிக்கு விளங்கும்படி நான்கு வரியாக்க வேண்டும். தமிழில் சொன்னால் மலையாளத்தில் எழுதுவேன், மலையாளத்தில் புலம்பினால் தமிழிலும் எழுதுவேன். உட்கார்ந்து செய்கிற தொழில் அது.

போன ஓணத்துக்கு முன்னால் எனக்கு மனநோய் வந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது, கேட்கிறவர்கள்தான் நெளிவார்கள். போட்டோஸ்டாட் மெஷின் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. என் ரகசியங்களை ஊரார் ஆதார் அட்டையின் பின்பக்கத்தில் அச்சடித்தது. கடையைப் பூட்டிவிட்டு வீட்டு ஜன்னலோரம் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நெய்யாற்றின்கரைக்கு அப்பால் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தேன். மாத்திரை தின்றேன். மெஷின் திரும்பவும் வெறும் மெஷினாக ஆயிற்று. அந்த மாத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன், என் தலையை எனக்குத் திருப்பித் தந்தது அதுதான். பதினெட்டாம் நாள் கால்களை எடுத்துக்கொண்டது.

என் கணவர் சத்தியராஜ் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். நல்ல மனிதர். நல்லவர்களிடம் ஒரு குறை உண்டு, அடுத்தவர் வாயையும் தாங்களே வைத்துக்கொள்வார்கள். காலின் பாடு தொடங்கிய வாரம் டாக்டரிடம் போனோம். டாக்டர் வடக்கே கண்ணூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. பெரிய மேசை, அதன்மேல் கம்ப்யூட்டர்.

"எந்தா விசேஷம்?" என்று கம்ப்யூட்டரிடம் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் மலையாளத்துக்குத் தாவினார். "ஸாரே, இவளுக்கு ஒட்டும் இரிக்கப்பொறுதி இல்ல."

சொல் என்னுடையதுதான். உட்கார முடியவில்லை என்பதற்கு வீட்டில் நான் சொன்னதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தார். டாக்டர் தலையை ஆட்டி, ஒரு மாத்திரையை ஒன்றரை ஆக்கினார். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். மேசை உயரமாக இருந்ததால் அவருக்குத் தெரிந்தது என் தலை மட்டும்தான்.

ஒன்றரைக்குக் கால் முன்னைவிடப் பறந்தது. இரண்டு வாரம் கழித்துப் போனோம். அதே கேள்வி, அதே பதில், ஒன்றரை இரண்டாயிற்று. "அடுத்த மாசமும் குறஞ்ஞில்லெங்கில் ஊசி எடுக்காம்" என்றார். குறையாவிட்டால் மாதம் ஒரு தடவை போடுகிற ஊசி. மாத்திரையையாவது துப்பலாம். ஊசி உள்ளே போனால் ஒரு மாதத்துக்கு அதுதான் முதலாளி.

அந்த ஒரு மாதம் ஊர் எனக்குச் செய்த வைத்தியம் இருக்கிறதே! முதலில் வந்தவர் நாத்தனார் ஆனந்தபாய். அவருக்குத் தெரியாத நோய் உலகத்தில் இல்லை, மருந்து மட்டும் ஒன்றுதான்.

"எலே சத்தியா, இது நோயில்ல கேட்டியா. ஒரு எடத்தில இரிப்பில்லாம அலையுதது பிசாசாக்கும். உபதேசியாரக் கூட்டிட்டு வாறேன்."

கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் முழங்கால் போட்டார்கள். நான் அவர்களைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். உபதேசியார் என் காலைப் பார்த்துக் கையை நீட்டி, "அடங்கு" என்று அதட்டினார். பாவம், அவரை மட்டும் நான் திட்ட மாட்டேன். இத்தனை பேரில் சரியான இடத்தைப் பார்த்துப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

அடுத்து ரெசிடென்ஸ் அசோசியேஷன் செயலாளர் வேதமணி. காலையில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு காலடி எண்ணுகிற கூட்டத்துக்குத் தலைவர். ரப்பர் தோட்டத்து ரோட்டில் நான் போவதையும் வருவதையும் பார்த்துவிட்டு வழிமறித்தார்.

"சிஸ்டர், ஒருநாளு எத்தர நடப்பிய? இந்த ஊக்கத்துக்க ரகசியம் என்னவாக்கும்?"

"மாத்திர" என்றேன்.

"விட்டமினா?"

இந்த மனிதரிடம் என்ன சொல்ல? அந்த மாத நடைப்போட்டியில் எனக்கே முதல் பரிசு என்று அறிவித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, கடவுளுக்கும் நக்கல் உண்டு. பரிசு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. நன்றியுரை முடியும்வரை மேடையில் அதில் உட்கார வேண்டும் என்றார்கள். நான் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். தலைக்கனம் பிடித்தவள் என்று பேசிக்கொண்டார்களாம்.

இதையெல்லாம் சிரித்துச் சொல்கிறேன், அப்போது சிரிக்கவில்லை. ராத்திரி வீட்டுக்குள் நடந்து நடந்து குதிகால் வெடித்தது. கிணற்றடிக்குப் போனால் என்னையே நம்பாமல் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டேன். கடைசியில் யாருக்கும் தெரியாமல் மாத்திரையைக் குரோட்டன்ஸ் சட்டியில் போடத் தொடங்கினேன். நான்கைந்து நாளில் கால் கொஞ்சம் அடங்கியது. அப்பாடா என்று இருந்தது. பத்தாம் நாள் கடையில் மெஷின் தாளை இழுக்கும் சத்தத்தில் 'பி' என்று கேட்டது. மீதி எழுத்து வரும்வரை நான் காத்திருக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் மாத்திரையை விழுங்கினேன். மாத்திரை போட்டால் கால் என் பேச்சைக் கேட்காது, போடாவிட்டால் மெஷின் பேசும். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் எங்கே போவேன்?

டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் இருந்தபோது அம்மிணி கடைக்கு வந்தார். அவர் வீட்டு மதிலை ஒட்டி ஒருவன் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். நாற்றமும் ஈயும் தாங்காமல் பஞ்சாயத்துக்கு மனு எழுத வந்தார். நான் மெஷின்மேல் தாளை வைத்து, நின்றபடி காலை ஆட்டிக்கொண்டே எழுதினேன்.

"எழுது மக்கா. அவனுக்க கோழி வந்நதிலேர்ந்து எனக்கு ஒரு நேரம் இரிக்கப்பொறுதி இல்ல."

எழுதினேன்: 'மேற்படி பண்ணையால் எனக்கு மன நிம்மதி இல்லை.'

பேனா அங்கேயே நின்றது. அம்மிணி உட்கார முடியாமலா இருக்கிறார்? என் கடை ஸ்டூலில் சப்பணம் போட்டு அம்சமாகத்தான் உட்கார்ந்திருந்தார். இரிக்கப்பொறுதி இல்லை என்று ஒருவர் சொன்னால், மனசு சரியில்லை என்றுதான் இங்கே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். இருபது வருஷமாக நானே அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளே 'இரிக்க' என்று ஒரு சொல் இருப்பது எவருக்கும் காதில் விழாது. நான் காலைச் சொன்னேன், டாக்டர் மனசைக் கேட்டார். மனசுக்கு மருந்தைக் கூட்டினார், மருந்து காலைக் கூட்டியது, கால் கூடியதும் நாங்கள் திரும்பப் போய் அதே சொல்லைச் சொன்னோம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான். ஊருக்கெல்லாம் சொல் விற்கிற எனக்கு என் பாட்டைச் சொல்ல ஒரு சொல் சரியாக வாய்க்கவில்லை. என்மேல் வந்த ஆத்திரத்தில் அம்மிணியின் மனுவில் கோழிக்கு இரண்டு கொம்பு கூடுதலாகவே வைத்து எழுதினேன்.

அம்மிணி போனதும் ஒரு முழுத்தாளை எடுத்து எனக்கே மனு எழுதினேன், மலையாளத்தில், டாக்டருக்கு. பொருள்: கால்.

புதன்கிழமை ஆஸ்பத்திரி. பஸ்ஸில் பெண்கள் இருக்கை காலியாக இருந்தும் நின்றே போனேன். கண்டக்டர் முறைத்தார்.

"எந்தா விசேஷம்?"

"ஸாரே, இப்பளும் இவளுக்கு இரிக்க..." என்று என் கணவர் தொடங்கினார்.

"நீங்க ஒருக்கா மிண்டாம இரிங்க" என்றேன். பதினாறு வருஷத்தில் நான் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. பேசாமல் இருங்கள் என்றால் அவர் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார். நான் மனுவைக் கீபோர்டின்மேல் வைத்தேன், வேறு எங்கே வைத்தாலும் டாக்டர் பார்க்கமாட்டார்.

"டாக்டருக்கு மனுவா?" என்று என் கணவர் முணுமுணுத்தார். மானம் போயிற்றாம்.

டாக்டர் வாசித்தார். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'என் மனதுக்குப் பொறுதி உண்டு. உட்காரத்தான் பொறுதி இல்லை. நோயாக இருந்தபோது நான் ஜன்னலோரம் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மாத்திரை தொடங்கிப் பதினெட்டாம் நாள் காலில் இது ஆரம்பித்தது. மாத்திரை கூடிய இரண்டு தடவையும் இதுவும் கூடியது. பத்து நாள் மாத்திரையை நான் திருட்டுத்தனமாக நிறுத்தியபோது இது குறைந்தது, ஆனால் மெஷின் பேசத் தொடங்கியது. அதனால் எனக்கு மாத்திரை வேண்டும், காலும் வேண்டும். ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நிறுத்தினியா?" என்றார். முகம் வெளிறிப்போயிற்று.

டாக்டர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். மூன்றாம் தடவையாக நான் அந்த அறைக்குள் வந்திருக்கிறேன், அவருக்கும் கால் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "சேச்சி, காலிலோ மனசிலோ?"

"காலில."

உட்காரச் சொல்லி, கையை முட்டில் வைக்கச் சொல்லி, வாட்சைப் பார்த்தார். உட்கார்ந்தேன். கால் தாளம் போட்டது, முட்டில் வைத்த கையும் சேர்ந்து ஆடியது. ஒரு நிமிடம் ஆவதற்குள் எழுந்துவிட்டேன். அவர் முகம் மாறியது. இது நோய் இல்லை, மருந்தின் வேலை, இப்படி ஆகிறவர்கள் உண்டு என்றார். மாத்திரையை ஒன்றாகக் குறைத்தார், காலுக்கென்று சின்னதாக வேறொன்று எழுதினார், இனி எதையும் நானாக நிறுத்தக்கூடாது, அடுத்த வாரமே வர வேண்டும் என்றார். ஊசியைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லாம் சரி. கடைசியில் ஒன்று கேட்டார் பாருங்கள்.

"இது நேரத்தே பறயாஞ்ஞதெந்தா?"

ஏன் முன்பே சொல்லவில்லையாம்!

"ரெண்டு தடவ சொன்னேன் ஸார்" என்றேன். "உட்காரச் சொன்னது இன்னைக்குத்தான்."

மூன்று வாரம் ஆயிற்று. முழுசாகப் போகவில்லை, சாயங்காலம் கொஞ்சம் பரபரக்கிறது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒன்றேகால் மணி நேரப் பிரசங்கத்தை முழுசாக உட்கார்ந்து கேட்டேன். சலிப்பாக இருந்தது. சலித்துக்கொண்டு உட்கார முடிகிறதே என்று கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பிரசங்கத்துக்கு அழுகிறேன் என்று நினைத்து மெச்சினார்கள். நினைக்கட்டும்.

நேற்று மத்தியானம் பரிசு நாற்காலியை முற்றத்து மாமரத்தடியில் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனந்தபாய் வந்தார். வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த தம்பியிடம் சத்தமாகச் சொன்னார்.

"எலே சத்தியா, மருந்து குடுத்து இவள சோம்பேறி மடிச்சியாக்கிப்போட்டாவளே. வந்த நேரத்திலேர்ந்து ஒரே இரிப்பு. வல்லதும் கொஞ்சம் நடக்கப்பிடாதா மக்கா?"

"நீங்க நடங்க மைனி" என்றேன். "நான் இரிக்கியேன்."