ஜூன் மழையைத் தாங்காத கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஜூன் மாதம் ஆகாது. ஜனவரி மழையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். ஏப்ரல் மழையையும் முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்ளும். ஜூன் மழைக் கணக்கைத் தட்டத் தொடங்கியதும், இனி இடமில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு உறைந்துபோகும். எங்கள் மலைநாட்டு நோர்வூட்டில் ஜூனில் பெய்கிற மழையைப் பார்த்தவர்கள் கம்ப்யூட்டரைக் குறை சொல்லமாட்டார்கள்.

லண்டனில் நர்ஸாக இருந்த அத்தை எண்பத்து மூன்றில் கொண்டுவந்து கொடுத்த பெட்டி அது. டீவியோடு பொருத்தி, கசட்டைப் போட்டு, அது கீச்சுக் கீச்சென்று கத்தி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். என் அப்பா மரியரட்ணம் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். தினமும் காலையில் மழைமானியைப் பார்ப்பவர். ஐந்து வருஷ மழையையும் ஒரே படமாக டீவியில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. எண்பத்தெட்டு வந்தும் ஜூனைத் தாண்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மழை ஒரு கவலையே இல்லை. என் கவலை சிறில்.

சிறில் அட்டன் டவுனில் ரேடியோ, டீவி திருத்துகிறவர். பெட்டிக்குச் சுகமில்லாத போதெல்லாம் ஞாயிறு பூசை முடிந்து, கருவிப் பெட்டியோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவார். டோர்ச் பிடிப்பது பள்ளிக்கூட டீச்சரான என் வேலை. "டீச்சர், கொஞ்சம் கீழ பிடிங்க" என்பார். அதற்கே எனக்கு நாள் முழுக்கத் தலைகால் புரியாது. வெளிச்சம் பெட்டிக்குள் விழாமல் அவருடைய காதில் விழுந்த நாட்களும் உண்டு. அந்தக் காது சிவந்ததையும் பார்த்திருக்கிறேன்.

பெட்டி சுகமாக இருந்தால் சிறில் வரமாட்டார். செத்துப்போனாலும் வரமாட்டார். ஆகவே அது தீராத நோயோடு நீண்ட ஆயுள் வாழ வேண்டும் என்று அந்தோனியாரிடம் மன்றாடினேன். காணாமல்போன சாவிகளைத் தேடித்தருகிற புனிதருக்கு இது கொஞ்சம் புதிய வேலைதான்.

அப்போதுதான் அப்பா அந்தக் கேள்வியைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தார். பின்னால் ஒரு மெமரித் துண்டைச் சேர்த்துப் பழையதையே ஓட்டுவதா, கொழும்பிலிருந்து புதியது வாங்குவதா?

"கவ்வாத்து பண்றதா, புடுங்கிட்டு புதுக்கன்னு நடுறதா, அதுதான் கேள்வி," என்றார். கிழட்டுத் தேயிலையை அடியோடு வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும், அதுதான் கவ்வாத்து. துளிர்க்காது என்று தோன்றினால் பிடுங்கி எறிய வேண்டும். முப்பது வருஷமாகத் துரைமார் இந்த ஒரு கேள்வியில் மண்டையை உடைப்பதைப் பார்த்தவருக்கு, உலகத்தில் வேறு விதமான கேள்வியே கிடையாது.

"அது தேயில இல்லங்க," என்றாள் அம்மா.

"கவ்வாத்துதாம்பா நல்லது," என்றேன் நான், அவசர அவசரமாக. "வேர் நல்லாத்தானே இருக்கு." கவ்வாத்து என்றால் சிறில் பல ஞாயிறு வர வேண்டியிருக்கும். புதியது என்றால் ஒரு வருஷ உத்தரவாதம், கொழும்புக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் வேருக்காக அவ்வளவு உருக்கமாகப் பேசியதைப் பார்த்து அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அப்பாவுக்கு என் பேச்சுப் பிடித்துப்போனது. அந்தோ, அளவுக்கு மீறிப் பிடித்துப்போனது. பெட்டிக்குள் பனி ஈரம் இறங்கியிருக்கிறது, முதலில் அதை எடுக்க வேண்டும் என்று முடிவுசெய்தார். ஈரத்தை எடுக்க அவருக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். சனிக்கிழமை பெட்டியைக் குளியல் துவாயில் சுற்றிக்கொண்டு தேயிலை ஃபெக்டரிக்குப் போனார். டீ மேக்கர் றோலண்ட் மாமா அதை மேல்மாடியில், சூடான காற்றில் வாடிக்கொண்டிருந்த பச்சைக்கொழுந்துக்கு நடுவே படுக்கவைத்தார். கொழுந்து வாடியது. கம்ப்யூட்டரின் ரப்பர் பொத்தான்களும் வாடின.

வீட்டுக்கு வந்தபோது அதில் நல்ல தேயிலை மணம். நான்கை ஒரு தடவை அமுக்கினால் திரையில் நாலாயிரத்துச் சொச்சம் வந்தது. அன்று நோர்வூட்டில் பெய்ததாகப் பதிவான அங்குல மழைக்கு நோவாவின் பேழையே மூழ்கியிருக்கும். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன். சாகவில்லை, சுகமாகவும் இல்லை. அந்தோனியார் கேட்டதை அப்படியே தந்திருந்தார்.

மறுநாள் சிறில் வந்தார். பெட்டியைத் திறந்ததும் உள்ளேயிருந்து இரண்டு இலைகள் விழுந்தன. அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டில் நான் பிடித்திருந்த டோர்ச்சும் ஆடியது.

"சொல்லுங்க தம்பி," என்றார் அப்பா. "கவ்வாத்தா, புதுசா? நீங்க என்ன சொன்னாலும் அதுதான்."

சிறில் திருகாணிகளை ஒவ்வொன்றாக மாட்டி முடித்தார்.

"புதுசு வாங்கிருங்கய்யா."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இத்தனை ஞாயிறும் இந்த மனிதருக்கு நான் ஒரு டோர்ச் கம்பம்தானா? தேநீரை அவர் முன்னால் ணங்கென்று வைத்தேன். சீனி போடவில்லை. வேண்டுமென்றேதான்.

"மெமரி போட்டா துளிர்க்காதா?" என்றார் அப்பா.

"துளிர்க்கும்ங்கய்யா. நான் வாரம் வாரம் வந்து பாக்கணும். இனி இந்த வீட்டுக்கு வேலைக்கி வரக்கூடாதுன்னு இருக்கேன்."

"ஏன் தம்பி? நாங்க ஏதும் கொற வச்சிட்டோமா?"

சிறில் எழுந்து நின்றார். அந்தக் கசப்புத் தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். "எங்கம்மா தெரேசா வட்டவளையில கொழுந்தெடுக்கிறவங்க. லயத்துல பொறந்தவன்தாங்க நானு. வார ஞாயித்துக்கெழம அவங்கள கூட்டிக்கிட்டு இங்க வரணும்னு ஆச. ஒங்ககிட்ட கூலி வாங்கிக்கிட்டே ஒங்க வீட்ல பொண்ணு கேக்க முடியாதுங்கய்யா."

டோர்ச் என் கையிலிருந்து கீழே விழுந்து உருண்டது. எடுக்க யாரும் குனியவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அப்பா சிறிலைப் பார்த்தார், மேசையில் கிடந்த இரண்டு இலைகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். கிளாக்கர் வீட்டுப் பெண்ணை, தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பையனுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயமல்ல.

"பவுலின்," என்றார் மெதுவாக. "வேர் நல்லாருக்கு, கவ்வாத்துதான் பண்ணனும்னு நீதானே ஒத்தக்கால்ல நின்ன. இப்ப என்ன சொல்ற?"

"புதுசே வாங்கிருவோம்பா," என்றேன்.